பெல் அடிக்கும் வரை மிஸிஸ் லோகன்

1

ஊரில் எல்லோரும் நான் இங்கே ரீச்சராக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படிச் சொல்லித் திரிவது அங்கே ரீச்சராக இருக்கிற என் தங்கை. "அக்கா மெல்பேர்ணிலை வெள்ளைக்காரப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறா" என்று கோயில், சந்தை, கலியாண வீடு ஓர் இடம் விடாமல் சொல்லியிருக்கிறாள். இல்லையடி என்று நான் எழுதினால், அக்காவுக்கு எப்போதும் தன்னடக்கம் என்று அதையும் சேர்த்துச் சொல்கிறாள். அவளுக்கு எழுதிப் பயனில்லை. ஆகவே இந்தப் பத்திரிகையைப் படிக்கிற எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகிறேன். நான் இங்கே ரீச்சர் இல்லை. ரீச்சருக்குக் கை உதவி. ரீச்சர் எய்ட் என்பார்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் பொறாமைக்காரி. பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில் பக்கத்துப் பிள்ளையின் பென்சில் என்னுடையதைவிட நீளமாக இருந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. வயதோடு அது குறையும் என்றார்கள், குறையவில்லை. இந்தக் குறிப்பில் அது கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். உப்புக் கூடின கறி மாதிரி, வேண்டாதவர்கள் ஓரத்தில் ஒதுக்கி வைக்கலாம்.

எழுபத்தைந்தாம் ஆண்டு வந்தோம். இந்த மாதத்தோடு மூன்று வருஷம். என் கணவர் லோகநாதனுக்கு கிளேட்டனில் உள்ள பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூட வேலை. வரும்போது எங்கள் மகள் வதனிக்கு மூன்று வயது. நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் ஒன்பது வருஷம் படிப்பித்தவள், பயிற்றப்பட்ட ஆசிரியை. வந்த புதிதில் சேலையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, சான்றிதழ்களோடு நகரத்துக்கு ரயிலேறிக் கல்விக் கந்தோருக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மிகவும் மரியாதையானவர். எழுந்து நின்று கதிரை இழுத்துப் போட்டார். எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு, இந்தப் பயிற்சி இங்கே கணக்கில் வராது, இன்னும் இரண்டு வருஷம் கல்லூரியில் படித்தால் யோசிக்கலாம் என்று அதே மரியாதையோடு சொன்னார். கோபக்காரராக இருந்திருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். மரியாதையானவர்களிடம் ஒன்றும் செய்ய முடியாது.

கையில் சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு கல்லூரிக்கு எங்கே போவது? போன வருஷம் வதனியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன இடத்தில், எய்ட் வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பயிற்சி எதுவும் தேவையில்லையாம். பொறுமை இருந்தால் போதும் என்றார்கள். இருக்கிறது என்று சொல்லிச் சேர்ந்துகொண்டேன்.

என் பெயர் அவர்களுடைய வாயில் நுழையவில்லை. லோகநாதன் என்பதும் பாதியில் நின்றுவிட்டது. அன்றிலிருந்து நான் மிஸிஸ் லோகன். ரெலிபோனில் கேட்பவர்கள் ஸ்கொட்லாந்துக்காரி என்று நினைத்துக்கொண்டு நேரில் வந்து விழிப்பார்கள்.

2

என் வேலை இதுதான். காலையில் பிரதி எடுக்கிற ஸ்ரென்சில் மெஷினைக் கையால் சுற்றி ஊதா மையில் கணக்குத் தாள்கள் எடுப்பேன். அந்த ஸ்பிரிட் மணம் மத்தியானம் வரை மூக்கில் நிற்கும். பிறகு பவுடர் பெயின்ற் கரைப்பேன், பென்சில் சீவுவேன், வாசிப்புப் புத்தகங்களுக்குப் பிளாஸ்ரிக் ஒட்டுவேன். கணக்குப் படிக்கிற நிறக்கட்டைகளை நிறம் பார்த்து, நீளம் பார்த்துப் பெட்டியில் அடுக்குவேன். அடுத்த நாள் காலையில் முப்பது பிள்ளைகள் அதை ஐந்து நிமிஷத்தில் கொட்டிக் குழப்புவார்கள். மூக்கில் இரத்தம் வந்தால் நான். சப்பாத்து நாடா அவிழ்ந்தால் நான். உடுப்பு நனைந்தால், மாற்றுக் காற்சட்டைப் பெட்டியோடு நான். வாசிக்கத் திணறுகிற பிள்ளைகளைக் கொரிடோரில் இரண்டு சின்னக் கதிரையில் வைத்து வாசிக்கக் கேட்பதும் நான். அந்த ஒரு வேலைக்காகத்தான் மற்றதெல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கிறேன்.

கரும்பலகைக்கு முன்னால் நான் நிற்கக் கூடாது. யாரும் கடிந்து சொல்லவில்லை, முதல் நாளே இன்னின்னது எய்டின் வேலை இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். ரீச்சர் இல்லாமல் வகுப்பை நான் தனியே பார்க்கக் கூடாது. பிள்ளைகளின் கொப்பியில் சிவப்பு மை வைக்கக் கூடாது. ஆனால் கரும்பலகை துடைப்பானைப் பின்சுவரில் அடித்துத் தூசு தட்டுவது என் வேலை. ஆகவே சோக்குத் தூள் தினமும் என் தலையில் படுகிறது, சோக்குக் கட்டிதான் கைக்கு வருவதில்லை.

செவ்வாயும் வியாழனும் நான் முதலாம் வகுப்பில். அங்கேதான் வதனி படிக்கிறாள். அங்கேதான் மிஸ் ஹார்ட்லி படிப்பிக்கிறாள்.

மிஸ் ஹார்ட்லிக்கு இருபத்திரண்டு வயது. இடுப்பு வரை விரித்த பொன்நிறத் தலைமயிர். பாதம் மறைக்கிற பூப்போட்ட பாவாடை. பிள்ளைகளோடு நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து கிற்றார் வாசிப்பாள். நான் படிப்பித்த இடத்தில் ரீச்சர் நிலத்தில் இருந்தால் மயக்கம் போட்டு விழுந்துவிட்டா என்று தண்ணீர் கொண்டு ஓடி வருவார்கள். இவள் நிலத்தில் இருந்து மெல்லக் கதைத்தால், முப்பது பிள்ளைகளும் வாய் பிளந்து கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கிற்றாரைக் கண்டால் ஆகாது. அவளுடைய மஞ்சள் காரைக் கண்டால் ஆகாது. கதவில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிற அவளுடைய பெயரைக் கண்டாலும் ஆகாது, அந்த எழுத்துகளை நிறத்தாளில் வெட்டி ஒட்டியவள் நானே என்றாலும்.

அவள் கெட்டவள் என்றால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "மிஸிஸ் லோகன், நீங்கள் இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன்" என்று வாரத்தில் இரண்டு தரமாவது சொல்கிறாள். உண்மையாகவே சொல்கிறாள். அது இன்னும் எரிச்சல்.

3

என் அப்பா எங்கள் ஊர்ப் பாடசாலையில் மாஸ்ரர். நான் அவருடைய வகுப்பில் இரண்டு வருஷம் படித்தேன். பாடசாலைக் கேற்றைத் தாண்டினால் அவர் எனக்கு அப்பா இல்லை, மற்றப் பிள்ளைகளுக்குப் போலவே 'சேர்'தான். அப்பா என்று வாய் தவறிச் சொன்னால் அன்றைக்கு முழங்காலில் நிற்க வேண்டும். மற்றப் பிள்ளைக்கு ஓர் அடி என்றால் அதே பிழைக்கு எனக்கு இரண்டு. தன் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறார் என்று ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்பதற்காக. நான் ரீச்சரான பிறகும் இதே கதைதான். எங்களோடு படிப்பித்தவர்களின் பிள்ளைகள் தாயை ரீச்சர் என்று கூப்பிட்டு, தாயிடம் கூடுதலாக அடி வாங்கி வளர்ந்தார்கள். எங்கள் பக்கத்தில் ரீச்சர் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், எல்லோரிடமும் இந்தக் கதை ஒன்று இருக்கும்.

ஆகவே போன வருஷம் முதல் நாள் காலை, பள்ளிக்கூடக் கேற்றடியில் நான் குனிந்து வதனிக்கு அதையே சொன்னேன்.

"இந்தக் கேற்றுக்கு உள்ளை நான் அம்மா இல்லை. மிஸிஸ் லோகன். தமிழும் கதைக்கிறேல்லை. பின்னேரம் கடைசிப் பெல் அடிச்சு, வெளியிலை வந்தாப் பிறகுதான் அம்மா. விளங்கிச்சோ?"

"ஓம்" என்றாள்.

ஐந்து வயதுப் பிள்ளை, எவ்வளவு நாளைக்கு நினைவு வைத்திருக்கும் என்று எண்ணினேன். முதல் வாரம் இரண்டு தரம் கண்ணைக் காட்டி எச்சரித்தேன். பிறகு தேவைப்படவில்லை. கொரிடோரில் எதிரே வந்தால், "குட் மோர்னிங், மிஸிஸ் லோகன்" என்று மற்றப் பிள்ளைகளைவிடத் திருத்தமாகச் சொல்லிவிட்டுப் போவாள். நல்ல வளர்ப்பு என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இன்னொரு எய்ட் இருக்கிறாள், சோபியா, கிரேக்கப் பெண். அவளுடைய மகனும் முதலாம் வகுப்புத்தான். இடைவேளைக்கு விட்டதும் பொடியன் பாய்ந்து வந்து அவளுடைய இடுப்பில் தொங்குவான். அவள் அவனைத் தூக்கி, எல்லோருக்கும் முன்னால் கன்னத்தில் கொஞ்சி, தங்கள் பாஷையில் ஏதோ சத்தமாகச் சொல்லி இறக்கி விடுவாள். தலைமை ஆசிரியர் பக்கத்தால் போனாலும் கூச்சம் கிடையாது.

"உன்னை ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எதற்கு?" என்றாள். அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை.

வெட்கம் கெட்டவள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் இடைவேளைகளில் அவர்களைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

4

வதனி வீட்டில் கதைப்பதெல்லாம் இரண்டு சொல்லில் தொடங்கும்: மிஸ் ஹார்ட்லி. மிஸ் ஹார்ட்லி பூசணிக்காய் சாப்பிட மாட்டா. மிஸ் ஹார்ட்லியின் நாய்க்கு ஒரு கண் தெரியாது. மிஸ் ஹார்ட்லி இதை இப்படிச் சொல்லுவதில்லை. "இண்டைக்குப் பள்ளிக்கூடத்திலை என்ன நடந்தது?" என்று நான் கேட்டால் மட்டும் "நத்திங்". நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் சொல்வாள். அதுவும் வர வர ஒரு சொல்லாகச் சுருங்கிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், எனக்குச் சொல்லாததை எல்லாம் அவள் மிஸிஸ் லோகனுக்குச் சொல்வாள். ஒரு பொடியன் தன் லஞ்ச் பெட்டியை மணந்து பார்த்து மூக்கைப் பொத்தினான் என்பதை, பெயின்ற் கழுவுகிற இடத்தில் வந்து மிஸிஸ் லோகனிடம்தான் சொன்னாள். விழுந்து முழங்கால் உரஞ்சினதும் அப்படித்தான். நான் மருந்து போட்டு, "யூ ஆர் வெரி பிரேவ், டார்லிங்" என்றேன். டார்லிங் சோபியாவிடமிருந்து பொறுக்கியது. என் இங்கிலீஷில் ஏசுவதற்குச் சொல் கிடையாது. படித்ததெல்லாம் மரியாதைச் சொற்கள்தான். ஆகவே மிஸிஸ் லோகன் ஒருபோதும் ஏசமாட்டாள். பொறுமைசாலி என்று அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் நல்ல பெயர்.

ஏச்செல்லாம் வீட்டில், தமிழில். பின்னேரம் நான் வரும்போது முதுகு முறிந்திருக்கும். குசினியில் ஒரு பக்கம் பருப்பு அவியும், மறுபக்கம் மேசையில் வதனிக்குத் தமிழ்ப் பாடம் நடக்கும். நாள் முழுவதும் சோக்குத் தொடாத கை. வீட்டில் ஒரு சின்னக் கரும்பலகை வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்பது வருஷம் நாற்பது பிள்ளைகளுக்குப் படிப்பித்த ரீச்சர் முழுக்க முழுக்க ஒரு பிள்ளைக்கு முன்னால் நிற்பாள். "நிமிர்ந்திரு. சத்தம் போடாதை. உந்த எழுத்தை இன்னொருக்கா எழுது. வேலை செய்யேக்கை கதைக்கக் கூடாது."

என் கணவர் ஒருநாள் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார்.

"இஞ்சாரும், பள்ளிக்கூடத்திலை பிள்ளைக்கு நீர் மிஸிஸ் லோகன். வீட்டுக்கு வந்தா ரீச்சர். தாய்க்காரி எத்தினை மணிக்கு வாறவ?"

"பகிடி விடுறதை விட்டிட்டு அந்தப் பருப்பை ஒருக்காக் கிண்டுங்கோ" என்றேன். எனக்கு அவரிலும் பொறாமைதான். அவர் வீட்டுக்கு வந்தால் வதனி ஓடிப் போய்ச் சப்பாத்துக் கழற்றிவிடுவாள். அவருக்கு எந்தச் சட்டமும் இல்லை.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை நான் பெயின்ற் வாளியோடு முதலாம் வகுப்புக்குள் போனபோது மிஸ் ஹார்ட்லி நிலத்தில் இருந்து கதை வாசித்துக்கொண்டிருந்தாள். வதனி அவளுடைய மடியில் சாய்ந்திருந்தாள். காலையில் நான் எண்ணெய் வைத்து, இழுத்து, இறுக்கிப் பின்னிய இரண்டு பின்னலில் ஒன்று அவிழ்ந்து கிடந்தது. மிஸ் ஹார்ட்லி ஒரு கையால் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் அந்த மயிரைக் கோதிக்கொண்டிருந்தாள். வதனி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். என்னிடம் தலை இழுக்கும்போது அவள் கண் மூடுவது நோவுக்கு. இது வேறு.

நான் வாளியை வைத்த வைப்பில் நிறத் தண்ணீர் நிலமெல்லாம் தெறித்தது. மிஸ் ஹார்ட்லி பதறி எழுந்து துடைக்க வந்தாள். பரவாயில்லை என்று நானே துடைத்தேன். துடைக்கிறதும் என் வேலைதானே.

5

மே மாதத்தில் இங்கே மதர்ஸ் டே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும். அதற்கு முதல் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் தாய்மார் சங்கம் ஒரு கடை போடும். சங்கு வடிவச் சவர்க்காரம், முகம் துடைக்கிற பூப்போட்ட லேஞ்சி, பஞ்சு வைத்துத் தைத்த உடுப்புக் கொழுவி, குளிக்கிற தண்ணீரில் போடுகிற வாசனை உப்பு, இப்படிச் சின்னச் சின்னப் பொருள்கள். பிள்ளைகள் வீட்டிலிருந்து சில்லறை கொண்டுவந்து, தாய்க்குத் தெரியாமல் வாங்கி, ஞாயிறு காலையில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பொருளையும் தாளில் சுற்றி றிபன் கட்டிக் கொடுப்பது எய்டின் வேலை.

அந்த வாரம் முழுக்க எனக்கு நித்திரை சரியில்லை. காரணம், திங்கள் இரவு சாப்பாட்டில் வதனி கேட்ட கேள்வி.

"மிஸ் ஹார்ட்லிக்குப் பிள்ளைகள் இல்லைத்தானே?" இங்கிலீஷில்தான் கேட்டாள்.

"இல்லை. அவ கலியாணம் முடிக்கேல்லை."

"அப்போ அவவுக்கு யார் பரிசு வாங்கிக் கொடுப்பது?"

கணவர் என்னைப் பார்த்தார், நான் சோற்றைப் பார்த்தேன். புதன்கிழமை முதலே பிள்ளைகள், மதர்ஸ் டேக்கு இங்கே தாய்மாருக்குக் கொடுக்கிற வெள்ளைச் செவ்வந்திப் பூவை மிஸ் ஹார்ட்லிக்குக் கொண்டுவந்து மேசையில் குவிக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பூக்களுக்குத் தண்ணீர் வைத்ததும் நான்தான். வதனியும் அடுத்த வீட்டு வேலிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒன்றைக் கேட்டு வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எனக்கு நிச்சயமாகிவிட்டது. பரிசும் அங்கேதான் போகப் போகிறது. என் கையால் சுற்றி, என் கையால் றிபன் கட்டி அனுப்ப வேண்டும்.

வெள்ளிக்கிழமை முதலாம் வகுப்பின் முறை வந்தது. வரிசையில் வதனி கடைசிக்கு முதல் ஆள். உள்ளங்கையில் லேஞ்சியில் முடிந்த காசு. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. முதலாம் வகுப்புப் பிள்ளை வாங்கப் போகிற சவர்க்காரத்துக்காக முப்பத்தைந்து வயதுப் பெண்பிள்ளைக்கு நெஞ்சு அடிக்கிறது என்றால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள்.

"மிஸிஸ் லோகன், எனக்கு ஒரு பரிசு வேண்டும்" என்றாள்.

"யாருக்கு, டார்லிங்?"

"என்னுடைய அம்மாவுக்கு."

நான் குனிந்து மேசைக்குக் கீழே றிபன் தேடுகிற மாதிரிக் கொஞ்ச நேரம் இருந்தேன். நிமிர்ந்து, மிஸிஸ் லோகனின் குரலை எடுத்துக்கொண்டு கேட்டேன்.

"உன் அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?"

அவள் என் முகத்தை நேரே பார்த்து யோசித்தாள். விளையாட்டுச் சிரிப்பு எதுவும் இல்லை. "சத்தம் இல்லாமல் இருந்தால் பிடிக்கும்" என்றாள்.

சவர்க்காரத்தைக் காட்டினேன். "வேண்டாம். அம்மா அதை அலுமாரியில் சேலைக்குள்ளே வைத்துவிடுவா" என்றாள். அது உண்மை. எனக்கு உண்மையில் பிடித்திருந்தது ஊதாப் பூப் போட்ட ஒரு லேஞ்சி. அதை அவள் பக்கம் மெல்ல நகர்த்தி வைத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"இது உங்களுக்குப் பிடிக்கும், மிஸிஸ் லோகன். என் அம்மா வேறு மாதிரி."

பிறகு மேசையின் மூலையில் கிடந்த ஒன்றை எடுத்தாள். முட்டை அவிக்கும்போது நேரம் பார்க்கிற மணல் கண்ணாடி, மரச் சட்டம் போட்டது. அதைக் கவிழ்த்து, மணல் இறங்கி முடியும்வரை பின்னால் நின்ற பிள்ளை இடிக்க இடிக்க அசையாமல் பார்த்தாள். இதுதான் என்றாள். நான் சுற்றிக் கொடுத்தேன்.

"அம்மாவுக்குச் சொல்லிவிடாதீர்கள்" என்றாள்.

6

ஞாயிற்றுக்கிழமை காலை நான் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்றேன். வதனி இரவு உடுப்போடு வந்து பொதியை நீட்டினாள். ஆச்சரியப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று முதல் நாளே எண்ணி வைத்திருந்தேன். நான் கட்டின றிபனை நானே அவிழ்த்தேன்.

அவள் கண்ணாடியை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"இந்த மணல் முடியும்வரை நான் கதைக்க மாட்டேன்" என்றாள் இங்கிலீஷில். "அம்மாவுக்குக் களைப்பாக இருந்தால் இதைத் திருப்பி வையுங்கள்."

சொல்லிவிட்டுக் கதிரையில் ஏறி, நான் பாடத்தில் சொல்லிக் கொடுக்கிற மாதிரி நிமிர்ந்து, கைகட்டி இருந்தாள். மணல் இறங்கியது. அவளைத் தூக்கி மடியில் வைக்க வேண்டும், கதை பிள்ளை, எவ்வளவு வேண்டுமென்றாலும் கதை என்று சொல்ல வேண்டும். தமிழில் ஏசுவதற்கு வாயைத் திறந்தால் சொற்கள் வரிசை கட்டி வந்து நிற்கும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. நானும் அவளைப் போலவே வாய் மூடி நின்றேன். மணல் முடிந்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

"போய்ப் பல்லுத் தீட்டிக்கொண்டு வாங்கோ பிள்ளை" என்றேன்.

அவள் இறங்கிப் போனாள். போன பிறகு நான் அந்தக் கண்ணாடியைத் திரும்பத் திரும்பக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். தேத்தண்ணி ஆறி ஆடை கட்டிவிட்டது.

7

திங்கட்கிழமை மத்தியானம் குளிர்காற்று. முற்றத்துக் காவலில் இருந்த ரீச்சரோடு, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்ரர் பையைக் கழுத்தில் கொழுவிக்கொண்டு நானும் நின்றேன். தூரத்தில் சோபியாவின் மகன் அவள் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தான். வதனி தனியே நடந்து வந்தாள்.

"மிஸிஸ் லோகன்."

"யெஸ், டார்லிங்?"

"அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்."

"ஏன் அப்படிச் சொல்கிறாய்?"

"ஒன்றும் சொல்லவில்லை." சப்பாத்தால் தார்த் தரையைத் தட்டினாள். "உங்களுக்குத் தந்திருந்தால் நீங்கள் ஏதாவது சொல்லியிருப்பீர்கள். லேஞ்சியை உங்களுக்கு வாங்கியிருக்கலாம். ஆனால் என்னிடம் ஒன்றுக்குத்தான் காசு இருந்தது."

நான் மிஸ் ஹார்ட்லியை எரிச்சலோடு பார்த்த நாள்கள் உண்டு. சோபியாவையும், ஊரில் இப்போதும் சோக்குக் கையோடு நிற்கிற என் தங்கையையும், சப்பாத்துக் கழற்றிவிட ஆள் உள்ள என் கணவரையும் பார்த்துப் பொருமியிருக்கிறேன். அதெல்லாம் சேர்த்தாலும் அந்த மத்தியானம் மிஸிஸ் லோகன் மேல் எனக்கு வந்த பொறாமைக்குக் கிட்ட வராது. என் பிள்ளையின் வாயிலிருந்து வருகிற கதையெல்லாம் அவளுக்கு. முழங்கால் நோவு அவளுக்கு. இப்போது லேஞ்சியும் அவளுக்கே போயிருக்கும், காசு இல்லாதபடியால் தப்பியது. அவளுடைய கழுத்தில் கிடந்த பிளாஸ்ரர் பையைக் கழற்றி எறிய வேண்டும் போலிருந்தது.

நான் தரையில் முழங்கால் குத்தி இருந்தேன். ஸ்லக்ஸ் முழுக்க அழுக்கு.

"வதனி, அம்மா சொல்லுறன், கேளுங்கோ" என்றேன், தமிழில், சத்தமாகவே. "எனக்கு நல்லாப் பிடிச்சுது. சந்தோசத்திலை கதை வரேல்லை. எனக்குச் சத்தமில்லாமல் இருக்கத் தேவையில்லை. நீங்கள் கதைக்கிறதுதான் வேணும்."

அவள் திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். காவல் ரீச்சர் நிற்கிறாவா, யாராவது கேட்டார்களா என்று பார்த்தாள். பிறகு என் காதருகே வந்தாள்.

"மிஸிஸ் லோகன்," என்றாள் இரகசியமாக, "இன்னும் பெல் அடிக்கவில்லை."

சொல்லிவிட்டு ஓடிப் போய்விட்டாள். இடைவேளை முடிந்து, வரிசையில் மிஸ் ஹார்ட்லியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மற்ற நாள்களில் கடைசிப் பெல் அடித்த பிறகும் எனக்கு வேலை இருக்கும். பிரஷ் கழுவி, நிறக்கட்டை அடுக்கி நான் வரும்வரை வதனி கேற்றடியில் காத்து நிற்பாள். அன்றைக்குப் பிரஷ்களைத் தண்ணீரில் போட்டபடியே விட்டுவிட்டேன். பெல் அடிக்கும்போது நான் கேற்றுக்கு வெளியே, றோட்டுப் பக்கத்தில் நின்றேன்.

பிள்ளைகள் கத்திக்கொண்டு வந்தார்கள். வதனி என்னைக் கண்டு நின்றாள். நான் நிற்கிற இடத்தைப் பார்த்தாள், கேற்றைப் பார்த்தாள். பிறகு நடந்து வெளியே வந்து, பையை என் கையில் தந்துவிட்டு மற்றக் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நத்திங் என்று வரும் என்ற பயம்.

பாதி வழியில் அவளே நின்றாள். றோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள்.

"அம்மா," என்றாள், சொல்லைத் தேடித் தேடித் தமிழில், "இண்டைக்கு மிஸிஸ் லோகன் பள்ளிக்கூடத்திலை தமிழ் கதைச்சவ. ஒருத்தருக்கும் சொல்லாதீங்கோ. அவவுக்கு ஏச்சு விழும்."

"நான் சொல்லமாட்டன்" என்றேன். "வேறை என்ன சொன்னவ?"

வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.